ஆறாம் ஆண்டுக்கு எந்தப் பள்ளிக்கூடம்

கல்லுமலைத் தோட்டத்துக் குழந்தைகளுக்குத் தாயின் மடிக்கு அடுத்தபடியாகத் தெரிந்த மடி நிஷாந்தினியுடையதுதான். தெல்தெனியவிலிருந்து மேலே ஏறும் பாதையில், விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே ஒரு துண்டாகத் தெரிகிற வளைவைத் தாண்டினால் அந்தத் தோட்டம் வரும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகுமுன் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை இடி இடித்தால் மிரளும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால் தோட்டத்துப் பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள். தடுப்பூசியில் தொடங்கிய அந்தக் கேட்கும் பழக்கம், கடைசியில் பள்ளிக்கூட விஷயம் வரைக்கும் வந்துவிட்டது.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் காம்பராவுக்கு மேலே இருந்தது. முதலாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை வகுப்புகள். நிஷாந்தினியும் அங்கேதான் படித்தாள். தாதியாக வேண்டும் என்று சின்ன வயதிலேயே நினைத்துக்கொண்டவள். ஆனால் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தைய இரண்டு வருடமும் அங்கே கணித ஆசிரியர் இல்லை. மற்றப் பாடங்கள் எல்லாம் நல்ல பெறுபேறு. கணிதம் மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதினாள், மறுபடியும் போனது. அத்தோடு படிப்பு நின்றது.

இதை அவள் யாரிடமும் குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. ஆனால் மகள் மதுஷா அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர் தேவை என்றபோது தானாகக் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்து அதிபர் முத்துலிங்கம் சேர் கண்டி மஹய்யாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர். அவரும் அவளுமாக வலயக் கல்விப் பணிமனைக்கு எத்தனையோ தரம் போனார்கள். ஒரு கணித ஆசிரியர், ஒரு விஞ்ஞான ஆசிரியர், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

அங்கே தமிழ்ப் பாடசாலைகளைப் பார்த்த உத்தியோகத்தர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லுவார். பொறுமையாகக் கேட்பார்.

"ஓம் அம்மா, விளங்குது. ஆனா உங்கட பள்ளிக்கூடத்தில பிள்ளையள் குறைஞ்சுகொண்டு போகினம். ஆக்கள் இல்லாத இடத்துக்கு நான் எப்பிடி ரீச்சரைத் தாறது? தொகையைக் கூட்டுங்கோ, பாப்பம்."

ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகள் போவதால் ஆசிரியர் வரமாட்டார். இறங்கி வரும்போது முத்துலிங்கம் சேர் பஸ் தரிப்பிடத்தில் நின்று பெருமூச்சு விட்டார். "நாம செய்யக்கூடியது ஒன்னுதான் நிஷாந்தினி. இருக்குற புள்ளைங்கள வெளிய போக விடாம புடிச்சு வைக்கணும்."

அதற்குப் பிறகு அவள் லயம் லயமாக, வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகப் போனாள். ஐந்தாம் ஆண்டு முடிக்கப்போகிற பிள்ளைகளின் வீடுகளுக்குத்தான் முக்கியமாகப் போனாள். அங்கேதான் ஆட்கள் கழன்றுகொள்வது வழக்கம்.

நல்லம்மாவின் வீட்டுக்குப் போனதும் அப்போதுதான். நல்லம்மாவின் புருஷன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவன். வருவதும் குறைவு, அனுப்புவதும் குறைவு. அவளுக்கு நிரோஷா என்றொரு மகள், மதுஷாவின் வகுப்பு. அதற்குப் பிறகு ஒரு கைக்குழந்தை. மஹய்யாவையில் இருக்கிற நல்லம்மாவின் அண்ணன், நிரோஷாவைத் தன் வீட்டில் வைத்துக் கண்டியில் படிக்கவைப்பதாகச் சொல்லியிருந்தார். நல்லம்மா அரை மனதோடு சரி சொல்லியிருந்தாள்.

"அண்ணன் நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல," என்றாள் நிஷாந்தினி. "ஆனா பொம்பளப் புள்ளைய ஏன் அடுத்த வீட்டுல விடுறீங்க? எல்லாரும் இப்படிப் போயிட்டா நம்ம பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் எப்படித் தருவாங்க? என் மதுஷாவும் இங்கதானக்கா இருக்கப் போறா. ரெண்டும் ஒன்னாப் படிக்கட்டும்."

நல்லம்மா கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி, அண்ணனுக்கு வேண்டாமென்று ஃபோன் பண்ணிவிட்டாள்.

அன்றைக்கு நிஷாந்தினி பொய் சொல்லவில்லை. மதுஷா அங்கேதான் படிப்பாள் என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்தது. மதுஷா சித்தியடைந்திருந்தாள், ஆனால் கண்டி நகரத்துப் பாடசாலைகளுக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சத்தைத்தான் மோகனராஜால் விழுங்க முடியவில்லை. மோகனராஜ் நிஷாந்தினியின் புருஷன். திகனவில் ஜமால்தீன் ஹாஜியாருடைய ஹார்ட்வெயார் கடையில் வேலை. அதிகம் பேசாதவன். அன்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசினான்.

"கணக்கு சொல்லிக் குடுக்க ஆளிருந்தா அவ தாண்டியிருப்பா."

"அஞ்சாமாண்டுக்குக் கணக்கு டீச்சர் தனியா இல்லங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"சரி. ஆறாமாண்டுக்கு?"

நிஷாந்தினி அவனுடைய சோற்றில் குழம்பை ஊற்றினாள்.

"ஹாஜியார் கூப்புட்டு விசாரிச்சாரு. திகனப் பக்கத்துல அவங்க முஸ்லிம் ஸ்கூல் இருக்குல்ல, அங்க சங்கத்துல அவரு இருக்காரு. தமிழ்லதான் படிப்பு. மத்த ஆளுங்க புள்ளைங்களும் படிக்குதாம். நீ ஒருக்காப் போயிப் பாரு. பாக்குறதுல என்ன?"

"நான் சங்கத்துச் செயலாளருங்க. ஊரெல்லாம் போயி இங்க விடுங்கன்னு சொல்லிட்டு..."

"நீ அவளுக்கு அம்மாவும்தான்," என்றான் மோகனராஜ். பிறகு சாப்பிடத் தொடங்கிவிட்டான்.

அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த நாள் காம்பராவில் உதவிக்காரப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு மேலே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எத்தனையோ முறை போன இடம். ஆனால் அப்போதெல்லாம் அதிபரின் காரியாலயத்துக்குப் போய், கூட்டம் முடித்துத் திரும்புவாள். இந்த முறை நேராக ஆறாம் ஆண்டு வகுப்பின் ஜன்னலோரம் போய் நின்றாள்.

ஆறும் ஏழும் ஒரே மண்டபத்தில். நடுவில் ஒரு பலகைத் தட்டி. ஒரே ஆசிரியை இரண்டு கரும்பலகையிலும் எழுதிவிட்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். சங்கீதம் படிப்பிக்க வந்தவர் அவர். கணிதப் பாடவேளை வந்ததும் புத்தகத்தை விரித்து ஒரு உதாரணத்தைப் பலகையில் எழுதி, "இதப் பாத்து எழுதுங்க" என்றார். பிள்ளைகள் எழுதினார்கள். விடை சரியா பிழையா என்று யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்த ஒரு பெண்பிள்ளை விளக்குமாற்றை எடுத்து வகுப்பின் பின்பக்கத்தைக் கூட்ட ஆரம்பித்தது. யாரும் சொல்லாமலே, இது வழக்கம் என்பது போலக் கூட்டியது.

ஆசிரியை நிஷாந்தினியைக் கண்டு வெளியே வந்தார். "நான் என்ன செய்ய நிஷாந்தினி, எனக்கே பின்னக் கணக்கு மறந்து போச்சு," என்று சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய கண் சிரிக்கவில்லை.

கண்ணால் பார்த்த இதை அவள் முன்பே அறிந்துதானிருந்தாள். ஆனால் அறிந்ததற்கும், அந்த மண்டபத்தில் மதுஷாவை உட்காரவைத்துப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

தெல்தெனியவில் ஒரு சிங்களப் பாடசாலையும் உண்டு. பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அங்கேயும் போனாள். அதிபர் அம்மா அன்பானவர், தண்ணீர் தந்து பேசினார். விளையாட்டுத் திடல், கணினி அறை, எல்லாம் இருந்தன. "புள்ள சிங்களம் எழுதுமா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். மதுஷாவுக்குக் கடையில் சாமான் கேட்கிற அளவுக்குத்தான் சிங்களம். முதலாம் ஆண்டிலேயே சேர்த்திருந்தால் பிரச்சினை இல்லை, ஆறாம் ஆண்டில் வந்தால் பிள்ளை மற்றப் பாடங்களையும் விட்டுவிடும் என்று அவரே சொன்னார். அந்த நேர்மைக்காக நிஷாந்தினி அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

திகனப் பாடசாலைக்குப் போன நாளில் ஜமால்தீன் ஹாஜியார் வாசல் வரை கூட வந்தார். "உள்ளுக்குப் போய் நீங்களே பாருங்கோ தங்கச்சி. நான் சொல்லி நீங்க சேர்க்கத் தேவல்ல," என்று சொல்லிக் கடைக்குத் திரும்பிவிட்டார்.

உப அதிபர் ஜஹானா டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு மாடிக் கட்டடம். ஒரு வகுப்பில் கணிதம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ஒரு பையனைப் பலகைக்கு அழைத்தார். அவன் பிழையாகச் செய்தான். வகுப்பே கத்தியது. அவர் அவனை உட்காரவைக்காமல், எங்கே பிழைத்தான் என்று அவனையே கண்டுபிடிக்க வைத்தார். நிஷாந்தினி அந்த ஜன்னலை விட்டு நகர மறந்துபோனாள்.

"எங்களுட்டையும் கொறை ஈக்கி," என்றார் ஜஹானா டீச்சர். "மறைக்க மாட்டேன். ஒரு வகுப்புல புள்ளையள் நெருங்கி ஈக்கிறாங்க. சைவநெறிப் பாடத்துக்கு டீச்சர் இல்ல. நோன்பு மாசம் முழுக்க எங்களுக்கு லீவு. ஒங்கட தோட்டத்துப் புள்ளையள் லீவுல ஈக்கிற நேரம் எங்களுக்கு ஸ்கூல் நடக்கும். ஒங்கட மகள் கொஞ்சம் தனிச்சுப் போவாள்."

"கணக்கு டீச்சர் மாறிப் போயிருவாரா?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பெற்றோர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இதுவல்ல போலும். "அவர் இந்த ஊர் ஆள். போகமாட்டார்," என்றார்.

வீட்டுக்கு வந்து மதுஷாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "நிரோஷாவும் வருவாளா?"

நிஷாந்தினி நல்லம்மாவின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அன்றே போயிருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து திகனவுக்கு வேன் பேசினால் மாதா மாதம் கொடுக்க நல்லம்மாவால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். முடியாத ஒன்றைச் சொல்லி ஏன் அவளை நோகடிக்க வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முதலில் அதிபரிடம்தான் போனாள்.

முத்துலிங்கம் சேர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. ரெண்டையும் டவுன்லதான் படிக்க வச்சேன். ஒன்ன நான் எப்படிக் கொற சொல்றது?" என்றார். பிறகு, "ஒன்னே ஒன்னு. வருஷத் தொடக்கத்துல வலயத்துலருந்து தொகை எடுப்பாங்க. அதுவரைக்கும் மட்டும் மதுஷாவ இங்க வச்சிருக்க முடியுமா? ஆறாமாண்டுக்குப் பேராவது இருக்கட்டும்."

"அங்க எடம் போயிரும் சேர்."

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினாள்.

விஷயம் தோட்டத்தில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. "நிஷாந்தினியே புள்ளைய எடுத்துட்டாளாம்" என்பதுதான் செய்தி. அவள் இத்தனை மாதம் வீடு வீடாகச் சொன்ன பேச்சை விட அந்த ஒரு வரிக்கு வேகம் அதிகம். வசதி இருந்தவர்கள் சேர்ந்து வேன் பேசினார்கள். சிலர் கண்டிக்கு அனுப்பினார்கள். அவளுடைய வாசலுக்கே வந்து, "நீ சேத்த எடம்னா நம்பிச் சேக்கலாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிப் போனவர்களும் உண்டு.

புது வருடம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் ஆண்டில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வலயத்திலிருந்து வந்தவர்கள் பார்த்தார்கள். சில நாட்களில் முடிவு வந்தது: ஆறாம் ஆண்டு நடத்தப்படாது, இருக்கிற பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கத்துப் பாடசாலைக்குப் போகலாம். அந்தப் பக்கம் போக நேர் பஸ் கிடையாது. ஒரு பையன் மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இரண்டு பேரை அவர்களுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். நிரோஷா வீட்டிலிருந்தாள்.

மஹய்யாவை அண்ணனிடம் நல்லம்மா மறுபடி கேட்டாள். அவருடைய மூத்த மகள் புருஷனோடு சண்டை பிடித்துக்கொண்டு இரண்டு குழந்தைகளோடு வந்து சேர்ந்திருந்தாள். இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு காம்பராவுக்கு வந்தது நிரோஷாதான். நல்லம்மா வருவதில்லை. தம்பியை விட்டுவிட்டுப் பிள்ளை போக மாட்டாள். போக எங்கே இருக்கிறது? சுவரோரம் உட்கார்ந்து தொட்டில் ஆட்டுவாள், கிண்ணம் கழுவுவாள். பதினொரு வயதுப் பிள்ளை, ஒரு வார்த்தை குறை சொல்லாது. "அக்கா, இந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு," என்பாள். நிஷாந்தினி போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நிரோஷாவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள்.

ஒரு நாள் தாங்க முடியாமல் நல்லம்மாவைத் தேடி மலைக்கே போனாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, நிரோஷா விஷயமா..."

"என்ன விஷயம்?"

"வேன்ல ஒரு எடம் பேசிப் பாக்குறேன். அங்க டீச்சர்கிட்டயும்..."

நல்லம்மா கூடையை இறக்கி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் நிஷாந்தினிக்கு இலகுவாக இருந்திருக்கும். "என் அண்ணன் வாடி வாடின்னு கூப்புட்டாரு. வேணான்னு சொன்னது நீ. ஒன் மக கூடப் படிப்பான்னு சொன்னதும் நீ. நீ மாத்திக்கிட்ட. தப்பில்ல, ஒன் புள்ள ஒனக்கு. ஆனா மாத்திக்கிட்டத எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமா இல்லயா? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவு எனக்குத் தெரியுது. நான் என்ன, கேக்க நாதியில்லாதவளா?"

வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். "தப்புத்தான்க்கா," என்றாள் நிஷாந்தினி. நல்லம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தராசை நோக்கி நகர்ந்துவிட்டாள்.

அந்த வாரமே முத்துலிங்கம் சேரோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனாள். இப்போது அவள் செயலாளர் இல்லை. "சும்மா என் கூட வா. பழகின மொகம் ஒன்னு இருந்தா நல்லது," என்று சேர் கூப்பிட்டிருந்தார். அதே உத்தியோகத்தர். அதே கதிரை. ஆறாம் ஆண்டைத் திரும்ப ஆரம்பியுங்கள், ஒரு பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

அவர் கேட்டுவிட்டு, "உங்கட மகள் எந்தப் பள்ளிக்கூடம் அம்மா?" என்றார்.

அவர் குத்திக் கேட்கவில்லை. தொகை பார்க்கத்தான் கேட்டார்.

"திகனங்க," என்றாள்.

"அவவைத் திரும்பக் கொண்டு வருவீங்களோ? உங்களைப் பாத்து இன்னும் பத்துப் பேர் வருவினமெண்டால், நான் மேலிடத்தில கதைக்கலாம்."

முத்துலிங்கம் சேர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நிஷாந்தினி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "வீட்டுல கேட்டுச் சொல்றேனுங்க," என்றாள்.

வீட்டில் கேட்டாள். மோகனராஜ், "நீ எதச் செஞ்சாலும் ஒருத்தருக்கு அநியாயம். நம்ம புள்ளைக்குச் செய்யாத," என்றான். மதுஷாவிடம் நேரடியாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்றுதான் கேட்டாள். முதல் சில வாரம் மதுஷா அழுதுகொண்டே வேனில் ஏறியவள். இப்போது ஆஸிகா என்றொரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

"கணக்கு சேர் பெயில்னா அடிக்க மாட்டாரும்மா. திருப்பித் திருப்பி வரச் சொல்லுவாரு," என்றாள் மதுஷா. "எனக்கு இப்ப பின்னம் வெளங்குது."

அதற்கு மேல் நிஷாந்தினியால் ஒன்றும் கேட்க முடியவில்லை. வலயத்துக்கு அவள் பதில் சொல்லப் போகவுமில்லை.

நோன்பு மாதம் வந்தது. ஜஹானா டீச்சர் சொன்னபடியே மதுஷாவின் பாடசாலை முழுதாக மூடியது. வீட்டில் தனியாக விட முடியாமல் மதுஷாவைக் காம்பராவுக்குக் கூட்டிவந்தாள். அங்கே நிரோஷா இருந்தாள். இரண்டு பிள்ளைகளும் முதல் நாள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தன. கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அதே இடத்தில் ஒரே பாயில் படுத்துக் கிடந்தவை.

மதுஷா பையிலிருந்து புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு வெளியே விளையாடப் போனாள். கொஞ்சம் கழித்து நிஷாந்தினி பார்த்தபோது, நிரோஷா தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு விஞ்ஞானப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி சிணுங்கினால் காலை ஆட்டுவாள், கண் புத்தகத்தை விட்டு எழாது. மதியச் சாப்பாட்டுக்கும் மூடவில்லை. மதுஷா வந்து, "என் புத்தகம், தா," என்று இழுத்தாள்.

நிரோஷா கொடுத்துவிட்டாள். "இதுக்கு அடுத்த பாடம் நடத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மதுஷா கொஞ்சம் யோசித்து, "இல்ல. லீவு முடிஞ்சுதான்," என்றாள். பிறகு புத்தகத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டுப் போனாள்.

நிஷாந்தினி சமையல் பக்கம் போய் நின்று அழுதாள். காம்பராவில் வேலை செய்கிறவள் பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்பது அவள் தனக்கு வைத்துக்கொண்டிருந்த விதி.

அடுத்த நாள் திகனவுக்குப் போய் ஜஹானா டீச்சரை அவர் வீட்டிலேயே சந்தித்தாள். நோன்புக் களைப்போடு டீச்சர் முன்னறையில் உட்கார்ந்து கேட்டார். நிஷாந்தினி ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணன் கூப்பிட்டதை, தான் தடுத்ததை, பிறகு தானே மகளை எடுத்துக்கொண்டு வந்ததை எல்லாம் சொன்னாள்.

"வகுப்புல கதிரை போட எடம் இல்ல," என்றார் டீச்சர். "ஆனா ஒரு குடும்பம் அக்குறணைக்கு வீடு மாறிப் போறதா கதை ஈக்கி. பெருநாள் கழிச்சு வாங்கோ. ஆனா நீங்க வரப்படாது. அந்தப் புள்ளட உம்மா வரணும். அவ மனசால வந்து கேக்கணும்."

இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலையாக இருந்தது. நிஷாந்தினி நேரே போகவில்லை. போயிருந்தால் நல்லம்மா கதவைச் சாத்தியிருப்பாள். முத்துலிங்கம் சேர்தான் பள்ளிக்கூடம் விட்டு நல்லம்மாவின் லயத்துக்கு நடந்து போனார். என்ன பேசினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெருநாள் முடிந்த கிழமையில் நல்லம்மா ஒரு நாள் கூலிப் பேரை விட்டு, நல்ல சேலை கட்டி, நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வேன் விஷயத்தை ஜமால்தீன் ஹாஜியார் வேன்காரரோடு பேசிச் சரிப்படுத்தினார் என்று கேள்வி. நல்லம்மா அவரிடமும் தன் வாயாலேயே கேட்டிருந்தாள்.

நிரோஷா சேர்ந்தாள். முதல் தவணையில் பாதிக்கு மேல் போயிருந்தது. விஞ்ஞானத்தில் தப்பிக்கொண்டாள், கணிதத்திலும் ஆங்கிலத்திலும் திணறினாள். தவணைப் பரீட்சையில் வகுப்பில் கடைசிப் பக்கம்தான் வந்தாள். மதுஷா நடுவில் வந்தாள். இருவரும் ஒரே வேனில் போய் வருகிறார்கள். மதுஷா ஆஸிகாவின் பக்கத்தில், நிரோஷா பின் இருக்கையில். பகை என்றும் சொல்ல முடியாது, பழையபடி என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள்தானே, சேர்ந்துவிடும் என்று மோகனராஜ் சொல்கிறான். நிஷாந்தினிக்கு அந்த நம்பிக்கை பாதிதான் இருக்கிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகள் முடித்துப் போகும்வரை அந்த வகுப்புகள் ஓடும். அதற்குப் பிறகு ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடும் என்று வலயத்தில் தீர்மானமாகிவிட்டது. அந்தச் சங்கீத ஆசிரியை மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறார். முத்துலிங்கம் சேர் இன்னும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறார்.

இந்த வருடம் ஐந்தாம் ஆண்டில் இருக்கிற பிள்ளைகளின் தாய்மார் இப்போதே நிஷாந்தினியிடம் வருகிறார்கள். எங்கே சேர்க்கலாம் என்று கேட்கிறார்கள். முன்பென்றால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பாள்.

"ஒரு நாள் வேலைய விட்டுட்டு எல்லாத்தையும் உள்ள போயிப் பாத்துட்டு வாங்க," என்கிறாள். "கணக்குப் பாடம் நடக்குற நேரமாப் பாத்துப் போங்க. நான் சொன்னேன்னு மட்டும் எதையும் செய்யாதீங்க."

சிலருக்கு அது கோபமாக இருக்கிறது. தன் பிள்ளை நல்ல இடத்தில் சேர்ந்ததும் இவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொள்கிறார்கள். அது அவள் காதுக்கும் வருகிறது.

நிரோஷா பள்ளிக்கூடம் போவதால், தம்பியை இப்போது நல்லம்மாவே கொண்டுவந்து விடுகிறாள். பால் போத்தலையும் மாற்றுடுப்பையும் வாங்குப் பலகையில் வைப்பாள். பிள்ளைக்குச் சளி என்றால், "சளி" என்று சொல்வாள். அவ்வளவுதான். நிஷாந்தினி இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். நல்லம்மா கூடையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள்.